தரிசு என்றொரு சொல்: செங்கல்பட்டின் நீர்நிலங்களும் பயன்பாட்டின் அரசியலும்

1971இல் ஈரானின் ராம்சர் நகரில் ஈரநிலங்களுக்கான உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியா 1982இல் அதில் சேர்ந்தது. சதுப்பு, கழிமுகம், பீட் நிலம் ஆகிய அனைத்தையும் அழியவிடாமல் 'அறிவார்ந்த முறையில் பயன்படுத்துவது' அதன் மையக் கருத்து. நல்ல சொற்றொடர்தான். ஆனால் பயன்படுத்துகிறவர் யார்? எந்தச் சாதி, எந்த வர்க்கம்? இந்தக் கேள்வியோடு செங்கல்பட்டின் வரலாற்றை வாசித்தால் கிடைக்கும் பதில் அவ்வளவு இனிமையானதல்ல.

இங்கே நீர்நிலம் என்றால் பெரும்பாலும் ஏரி. ஏரிப் பெருமை பேசுகிறவர்கள் தவறாமல் உத்திரமேரூருக்குப் போவார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை வழியாக ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. 'ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஜனநாயகம்' என்று மார்தட்டுகிறவர்கள் தகுதி விதிகளை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். வரி செலுத்தும் சொந்த நிலம் வேண்டும், வேதக் கல்வி வேண்டும். பிராமண சபையின் ஏற்பாடு அது. ஏரியில் இறங்கிச் சேறு அள்ளியவர்கள் பெயரில் குடத்துக்குள் ஓலை விழவில்லை.

வேடந்தாங்கல் கதையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பறவைகளைச் சுட்ட வெள்ளைச் சிப்பாய்களுக்கு எதிராக ஊரார் முறையிட்டதும், 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் அவர்களுடைய பாதுகாப்பு உரிமையை ஏற்றுக் கவுல் எழுதிக் கொடுத்ததும் பலரும் அறிந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊராரின் கணக்கு. பயன்பாடு இருந்ததால் பாதுகாப்பு நீடித்தது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த உரம் போய்ச் சேர்ந்தது நிலம் உள்ளவன் வயலுக்குத்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1763இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனிக்குத் தேவை வரி. வரிக்கணக்கில் வந்தது நிலம். வராதது தரிசு, அல்லது புறம்போக்கு. மாடு மேய்ந்ததும், கோரை அறுத்ததும், மீன் பிடித்ததும், சுள்ளி பொறுக்கியதும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. 'சும்மாதானே கெடக்கு' என்பது அரசாங்கத்தின் பார்வை ஆயிற்று. அப்படிச் 'சும்மா கிடந்த' நிலத்தையும் நிலமற்றவன் கேட்டால் கிடைக்காது, மிராசுதாருக்கே முன்னுரிமை. அதேசமயம் ஏரிக்கரை உடையும் நிலை வந்தால் உழைக்கும் வகுப்பினரைக் கட்டாய வேலைக்கு இழுக்க 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் வழிசெய்தது. உரிமை ஒரு பக்கம், உடலுழைப்பு இன்னொரு பக்கம்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து அளித்த அறிக்கை இந்த ஏற்பாட்டைத்தான் அம்பலப்படுத்தியது. அதன் விளைவாக 1892 முதல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அந்த நிலங்களில் பெரும்பகுதி பிறகு கைமாறியது. காரணை நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள். 'தரிசு' என்ற சொல்லுக்குப் பின்னால் இந்த ரத்தமும் இருக்கிறது.

அதே சொல்தான் பள்ளிக்கரணைக் கழுவெளியையும் தின்றது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இந்தச் சதுப்பு ஒரு காலத்தில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். தெற்கே சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீரை வாங்கித் தேக்கி, ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கோவளத்தில் கடலுக்கு அனுப்புவது அதன் வேலை. பயனற்ற நிலம் என்று கருதியதால் மாநகரக் குப்பை அங்கே கொட்டப்பட்டது. அரசு நிறுவனங்களும் பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி வளாகங்களும் எழுந்தன. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நடுவே இன்னொன்றும் நடந்தது. ஆற்றங்கரை 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்று நகரத்திலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளைச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும், இதே சதுப்பின் தாழ்வான விளிம்பில், அரசே குடிவைத்தது. மழைக்கு மழை அவர்கள் வீட்டில் தண்ணீர்.

உலகத்தின் பீட் நிலங்களுக்கும் இதே கதிதான். நீரில் அமிழ்ந்து முழுதும் மட்காத தாவரச் சிதைவு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவாவது பீட். நம் நீலகிரியிலும் அது உண்டு. ஆர். சுகுமாரும் சகாக்களும் 1993இல் அந்தப் படிவுகளிலிருந்து கடந்த 20,000 ஆண்டுகளின் பருவநிலை மாற்றத்தை வாசித்துக் காட்டினார்கள். இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானிலோ, சுகார்த்தோ அரசு 1990களின் நடுவில் பத்து லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கப் போவதாகச் சொல்லிக் கால்வாய் வெட்டி பீட்டை வடித்தது. நெல் விளையவில்லை. காய்ந்த பீட் 1997இல் பற்றியெரிந்து பக்கத்து நாடுகளையும் புகையால் மூடியது. வாழ்வாதாரம் இழந்தவர்கள் அந்த நிலத்தை அறிந்திருந்த தயாக் மக்கள்.

இப்போது நம் சட்டத்துக்கு வருவோம். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் பீட் நிலத்தை வரையறைக்குள் சேர்க்கின்றன. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட நீர்நிலைகளை விலக்கிவிடுகின்றன. அதாவது செங்கல்பட்டின் ஏரிகளில் பெரும்பாலானவை ஈரநிலமே அல்ல! ஆனால் பாசன ஏரிகளான வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022இல் ராம்சர் தலங்கள் ஆயின. அவை சரணாலயங்கள் என்பதால் உள்ளே வந்தன. பறவைப் புகழ் இல்லாத ஏரி வெளியே நிற்கிறது.

ஈரநிலக் கல்வி என்ற பெயரில் நடப்பதும் இந்தப் பிரிவினையின் நீட்சிதான். பிப்ரவரி 2 அன்று ஓவியப் போட்டி, பறவைப் படம், உறுதிமொழி. பாம்பையும் எலியையும் புதரையும் அறிந்த இருளர்கள் 1978இல் அமைத்த கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருக்கிறது. இப்படிப்பட்ட அறிவு எத்தனை பாடப்புத்தகங்களில் அறிவாகக் கருதப்படுகிறது?

ஏரிப் பராமரிப்பு பற்றிய முடிவுகளில் ஆயக்கட்டு இல்லாதவர்களுக்கும், குறிப்பாக தலித், இருளர், மீனவப் பெண்களுக்கு வாக்கு வேண்டும். பாசன ஏரிகளை விலக்கும் விதி மாற வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பறவை பெயர்களோடு தங்கள் ஊரின் அ-பதிவேட்டையும் அடங்கலையும் வாசிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எந்தச் சர்வே எண் எப்போது தரிசானது, யார் பெயருக்கு மாறியது என்று ஒரு பத்தாம் வகுப்புப் பெண் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கேட்கட்டும். சட்டம் தனியாக நின்று காப்பாற்றாது. கேட்கிற ஆள் வேண்டும்.