தோட்டத்துத் தாயும் மீளாத முடிவும்

பிள்ளைப் பேற்றை வரையறுத்துக்கொள்ளும் வழிகள் பல. அவற்றுள் பெரும்பாலானவை வேண்டியபோது கைக்கொண்டு, வேண்டாதபோது விலக்கத்தக்கவை. சத்திரசிகிச்சை ஒன்றே மீளாத முடிவாகக் கருதி மேற்கொள்ள வேண்டியது. இவற்றுள் எதனைத் தெரிந்தெடுப்பது என்ற முடிவு யார் கையில் இருந்தது? இவ்வினாவோடு நோக்கின், சப்பிரகமுவ மாகாணத் தோட்டங்களின் வரலாற்றில் பலரும் கவனியாத ஒரு பகுதி புலப்படும்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைக் கொண்ட சப்பிரகமுவவில் றப்பரும் தேயிலையும் அருகருகே வளர்கின்றன. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளில் விடியற்காலையில் பால்வெட்டுக்குச் செல்லும் பெண்களும், பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளில் கொழுந்து பறிக்கும் பெண்களும் தலைமுறை தலைமுறையாக நாட்சம்பளத்தை நம்பி வாழ்ந்தவர்கள். பேர் விழாத நாளுக்குச் சம்பளமில்லை. ஆகவே சிகிச்சை நிலையத்துக்குப் போய்வரும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு நட்டமே.

இலங்கையில் குடும்பத் திட்டமிடல் முயற்சி பழையது. டாக்டர் மேரி இரட்ணம் 1937இலேயே கொழும்பில் இதற்கென ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியது. அதன் ஆரம்ப காலப் பணியில் சில்வியா பெர்னாண்டோ அம்மையாரும், மகப்பேற்று நிபுணர் டாக்டர் சிவா சின்னத்தம்பியும் முன்னின்றனர். 1958இல் சுவீடன் அரசாங்கத்துடன் செய்த உடன்படிக்கையின்படி, பண்டாரகமக் கிராமப் பகுதியிலும் மலைநாட்டின் டயகம தோட்டத்திலும் முன்னோடித் திட்டம் ஒன்று நடைபெற்றது. கிராமத்துக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என இரு களங்களை எடுத்துக்கொண்டமை, தோட்ட வாழ்க்கை தனித்த கவனத்துக்குரியது என்பதை அன்றே காட்டிற்று. 1965இல் அரசாங்கம் இப்பணியைத் தாய்சேய் நலச் சேவையோடு இணைத்துக்கொண்டது. அக்காலத்தில்தான் கருப்பையினுள் வைக்கும் ‘லூப்’ என்னும் வளையமும் பரவலாயிற்று.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1980களின் முற்பகுதியில், கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்ளும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அரசாங்கம் பணம் வழங்கியது. ஒரு கட்டத்தில் அத்தொகை 500 ரூபாவாக இருந்தது. பட்டினத்தில் வாழ்ந்த உத்தியோகத்தருக்கு அது சிறு தொகையாகத் தோன்றியிருக்கலாம். நாட்சம்பளக் குடும்பத்துக்கோ பல நாள் உழைப்பின் பயன். 1987இல் வடக்குக் கிழக்கின் பெரும்பகுதி நீங்கலாக நடந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, மணமான பெண்களுள் நால்வரில் ஒருவர் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்தனர். சிகிச்சை செய்துகொண்ட கணவன்மார் நூற்றுக்கு ஐவர் அளவே. வளையம் அணிந்த பெண்களோ அதனினும் குறைவு. தோட்டப் பகுதிகளில் சத்திரசிகிச்சையின் பங்கு நாட்டின் பொதுநிலையைக் காட்டிலும் மிகுந்திருந்தது.

இதற்குக் காரணம் என்ன? சத்திரசிகிச்சை ஒரே நாளில் முடிவது. தோட்டத்து லொறியில் வைத்தியசாலைக்குச் சென்று திரும்பினால், பின்னர் மாத்திரை நினைவு வேண்டாம். ஊசிக்கு மூன்று மாதத்துக்கொருமுறை அலைய வேண்டாம். குடும்பம் நிறைந்துவிட்டது என்று தெளிந்த தாய்க்கு இது உண்மையான நன்மை. ஆனால் இதே வசதி நிர்வாகத்துக்கும் உவப்பானது என்பதை மறத்தல் ஆகாது. ஒரு நாள் வேலை, ஒரு எண்ணிக்கை, அத்தோடு கோவை மூடப்படும். வளையத்துக்கோ பயிற்சி பெற்ற மருத்துவமாது வேண்டும், பின்பார்வை வேண்டும், அகற்றக் கேட்டால் அகற்றிவிடவும் வேண்டும்.

காக்கும் திறனில் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. செப்புக் கம்பி சுற்றிய வளையம் பத்தாண்டுகள் பயன் தரும். அக்காலத்தில் அது தவறுவது நூற்றுக்கு இரண்டளவே. பெண்ணின் சத்திரசிகிச்சையும் ஏறத்தாழ அவ்வாறே. வேற்றுமை வேறிடத்தில் உள்ளது. சத்திரசிகிச்சைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும்; ஆபத்து அரிதெனினும் இல்லாததன்று. செப்பு வளையமோ மாதவிலக்கின் உதிரப்போக்கை மிகுவிக்கக்கூடும். இரத்தச் சோகை மலிந்த தோட்டங்களில் இது சிறிய குறையன்று. மேற்கையின் தோலடியில் வைக்கும் ஹோர்மோன் குச்சிகள் ஐந்தாண்டு வரை காப்பவை. எனினும் மாதவிலக்கின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும். ஆணுக்குச் செய்யும் சிகிச்சை பெண்ணுக்குச் செய்வதிலும் எளிது, வயிற்றைத் தொடுவதில்லை. ஆயினும் சுமையைப் பெண்ணே ஏற்றாள்.

மீளாமை என்பதே யாவற்றிலும் கனத்த நிறை. அமெரிக்காவில் பதினான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து நடந்த ஓர் ஆய்வில், முப்பது வயதுக்குள் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்களுள் நூற்றுக்கு இருபதின்மர் பின்னர் வருந்தினர். முப்பதைக் கடந்தவருள் அவ்வாறு வருந்தியோர் அறுவரே. 1970களில் தோட்டங்களில் குழந்தை மரணம் நாட்டின் சராசரியை வெகுவாக மிஞ்சியிருந்தது. பிள்ளைக் காம்பிராவில் விட்டுவந்த குழந்தை பிழைக்குமோ என்று அஞ்சிய இளந்தாய்க்கு, இனி ஒரு பிள்ளை இல்லை என்னும் முடிவு எத்துணைப் பாரமானது!

இன்னுமொன்று உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே எண்ணிப் பங்கிடப்பட்ட சமூகம் இது. தம் தொகையைக் குறைக்கவே இம்முயற்சி என்று மலையகத்தில் ஐயம் எழுந்ததற்கு அவ்வரலாறே வித்து. தாய்மொழியில் நிதானமாக விளக்கப்படாத சம்மதப் பத்திரம் அந்த ஐயத்தை வளர்க்குமேயன்றித் தணிக்காது.

இதனாற் சத்திரசிகிச்சை தீது என்று கொள்ளல் தவறு. அதனை விரும்பி ஏற்று, உடலும் உள்ளமும் தேறிய தாய்மார் மிகப் பலர். ஆனால் வளையமும் குச்சியும் ஊசியும் கணவனின் சிகிச்சையும் ஒரே தட்டில் வைத்து விளக்கப்பட்ட பின், அவள் அதனைத் தெரிந்தெடுத்தால் அது அவளது முடிவு. மற்றவை சொல்லப்படாமல், பணமும் லொறியும் முன்வந்து நின்றால், அது பிறர் முடிவுக்கு அவள் இட்ட கைந்நாட்டேயாகும்.