ஈரோட்டுப் பிள்ளையும் இங்கிலாந்துக் குளிரும்

கோயமுத்தூர்ச் சீமைக்காரர்களுக்குக் குளிர் தெரியாது என்று யாராவது சொன்னால் அவர்கள் சண்டைக்கே வந்துவிடுவார்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் பாட்டிமார்கள் சொல்லிவிட்டுப் போன வாக்கு. மார்கழி விடியற்காலையில் சாளை வாசலில் சோளத்தட்டைக் கொளுத்திக் குளிர் காய்ந்தவர்களுக்கு அதன் அர்த்தம் நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்தக் குளிருக்கு ஆயுசு கொஞ்சம். சூரியன் தென்னை உயரத்துக்கு வந்ததும் போன இடம் தெரியாமல் போய்விடும்.

இன்னொரு விஷயத்தையும் கவனித்திருப்பீர்கள். புல் நுனியில் முத்துப்போல் நிற்கிறதே, அதற்கும் பனி என்றுதான் பெயர். டிசம்பரிலும் ஜனவரியிலும் உதகமண்டலத்துப் புல்வெளியைச் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெளுக்க வைக்கிறதே, அதுவும் பனிதான். ஐரோப்பாவில் வீட்டுக் கூரையிலும் வீதியிலும் பஞ்சுபோல் வந்து இறங்குகிறதே, அதற்கும் பனி என்ற அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். மூன்றையும் பிரித்துச் சொல்லும் அவசியம் நம் முன்னோர்களுக்கு நேரவில்லை.

அந்த அவசியம் வெள்ளைக்காரனுக்கு நேர்ந்தது. ஆனால் அவன் அதை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டான். கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் வருஷம் நீலகிரி மலை மேல் ஏறிப் பார்த்தார். அங்கே வீசிய காற்று அவருக்குத் தம் ஊரை ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். முதலில் கோத்தகிரியிலும், பிறகு 1822 வாக்கில் உதகமண்டலத்திலும் வீடு கட்ட ஏற்பாடு செய்தார். பின்னதைத்தான் ஜனங்கள் 'கல் பங்களா' என்றார்கள். சீமையிலிருந்து விதைகளும் கன்றுகளும் வந்தன, உருளைக்கிழங்கு வந்தது, பின்னால் மாதா கோயிலும் கிளப்பும் வந்தன. வெயிலைத் தாங்க முடியாதவர்கள் வெயில் தேசத்துக்குள்ளேயே தங்களுக்கு ஒரு குளிர் தேசத்தைக் கட்டிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் கணப்புக்கு முன் உட்கார்ந்து விருந்து சாப்பிட அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது.

இனி இதன் மறுபக்கத்தைப் பார்ப்போம். வெயில் தேசத்து மனிதன் ஒருவன் குளிர் தேசத்துக்குப் போனால் என்ன செய்வான்? மலையும் பங்களாவும் அவன் கட்டிக்கொள்ள முடியுமா? அதே கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில், 1887-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி பிறந்த ஒரு பிள்ளையின் கதை இதற்குப் பதில் சொல்லும். கும்பகோணத்தில் வளர்ந்து சென்னைத் துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த ஸ்ரீநிவாஸ ராமானுஜத்தைத்தான் சொல்கிறேன்.

அவர் கணிதத்தைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. கணக்குக்கும் எனக்கும் அப்படி ஒன்றும் நெருங்கிய உறவு கிடையாது. அவர் எப்படிக் குளிரைச் சமாளித்தார் என்பதுதான் என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம்.

1914 மார்ச் 17-ஆம் தேதி 'நெவாஸா' என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். அதற்கு முன்பே குடுமியை எடுத்தாயிற்று. கால்சட்டை, கோட்டு, பூட்ஸ் எல்லாம் மாட்டியாயிற்று. ஏப்ரல் 14-ஆம் தேதி லண்டனில் இறங்கினார். அவரை இங்கிலாந்துக்கு வரும்படி சென்னையில் வற்புறுத்திய நெவில் என்ற இளம் கணித வல்லுநர் வந்து அழைத்துப் போய், கேம்பிரிட்ஜில் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். சில வாரங்களுக்குப் பிறகு டிரினிடி கல்லூரியின் ஹ்யூவெல் கோர்ட் பகுதியில் ராமானுஜத்துக்கு அறை கிடைத்தது. வசந்த காலம், ஹார்டியின் நட்பு, நாள் முழுவதும் கணிதம். வேறு என்ன வேண்டும்?

ஆகஸ்டில் மகாயுத்தம் வந்தது. கல்லூரியின் நெவில் கோர்ட் முற்றத்தைக் காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். யுத்தம் இந்த நாட்டில் நடக்கவில்லை, சென்னைக்கு ரங்கூன் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் நடக்கிறது என்கிற மாதிரி ராமானுஜம் தாயாருக்குக் கடிதம் எழுதினார். அம்மா பயப்படக் கூடாது அல்லவா?

பிறகு குளிர்காலம் வந்தது. கேம்பிரிட்ஜில் டிசம்பர்க் கடைசியில் காலை எட்டு மணிக்கு மேல்தான் விடியும். மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். வருஷத்திலேயே மிகச் சிறிய பகல் ஏறக்குறைய டிசம்பர் 22-ஆம் தேதிதான். அதாவது, ராமானுஜத்தின் பிறந்த நாள். ஈரோட்டில் அந்த நாளில்கூடப் பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் இருக்கும். கேம்பிரிட்ஜில் எட்டு மணி நேரம்கூடத் தேறாது. ஊரில் மார்கழி பஜனையும் வெண்பொங்கலுமாக இருக்கும் காலம் அது. அங்கேயோ டிசம்பர்த் தொடக்கத்தில் வகுப்புகள் முடிந்து, மாணவர்கள் கிறிஸ்துமஸுக்கு வீடு போய்விடுவார்கள். கல்லூரி வெறிச்சோடிவிடும்.

அந்த நாட்களில் அவருக்கு வாய்த்த சிநேகிதர் ஒருவர் உண்டு. கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வங்காளத்துப் பிள்ளை, பிரசாந்த சந்திர மகலநோபிஸ். பிற்காலத்தில் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் அவரே. அவர் தம் நினைவுகளில் சொல்லியிருக்கும் இரண்டு சம்பவங்கள்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

குளிர் கடுமையாக இருந்த ஒரு நாள் மகலநோபிஸ் ராமானுஜத்தின் அறைக்குப் போனார். கணப்பை ஒட்டி ராமானுஜம் உட்கார்ந்திருந்தார். இரவில் கதகதப்பாகத் தூங்க முடிகிறதா என்று வந்தவர் விசாரித்தார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் சால்வையையும் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர் விடவில்லை என்றார் ராமானுஜம். கம்பளி போதவில்லையோ என்று மகலநோபிஸ் படுக்கையறைக்குள் நுழைந்து பார்த்தார். கம்பளிகள் ஏராளமாக இருந்தன! ஆங்கிலேயர் வழக்கப்படி அவற்றைப் படுக்கையோடு இறுக்கிச் செருகி, மேலே ஒரு விரிப்பைப் பரப்பியிருந்தார்கள். கம்பளியை விலக்கி அதற்குள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜத்துக்குத் தெரியவில்லை. கம்பளிகளுக்கு மேலே, அந்த ஒற்றை விரிப்பின் கீழே, நடுங்கிக்கொண்டு தூங்கியிருக்கிறார். மகலநோபிஸ் விரிப்பை எடுத்து, கம்பளியைப் புரட்டி, எப்படிப் படுப்பது என்று காட்டிக் கொடுத்தார்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாயை விரித்து, போர்வையை உதறிப் போர்த்திப் படுத்தவருக்கு, தைத்து வைத்த பைபோன்ற அந்தப் படுக்கையைப் பார்த்தால் எப்படித் தெரியும்? யாரையாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். உலகம் வியக்கும் கணித மேதையென்று அழைத்து வரப்பட்டவர், படுக்கையில் எப்படிப் படுப்பது என்று வேலைக்காரரிடம் போய்க் கேட்பாரா? நம் ஜனங்களில் மானஸ்தன் எவனும் கேட்கமாட்டான். சால்வையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொள்வான்.

இரண்டாவது சம்பவம் கிறிஸ்துமஸ் காலத்து விஷயம். 'ஸ்ட்ராண்ட்' என்ற பிரபலமான பத்திரிகையின் 1914 டிசம்பர் இதழில் டூடனி என்ற புதிர் மன்னர் ஒரு புதிர் போட்டிருந்தார். ஜெர்மானியர் ஆகஸ்டில் கொளுத்திய பெல்ஜியத்து லூவேன் நகரத்தில் ஒரு வீதி. வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒருவர் வீட்டுக்கு ஒரு பக்கத்து எண்களைக் கூட்டினாலும் மறுபக்கத்து எண்களைக் கூட்டினாலும் ஒரே தொகை வருகிறது. மொத்த வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அவர் வீட்டு எண் என்ன? எட்டே வீடுள்ள தெருவானால் ஆறாம் எண் வீடு என்று நாமே சொல்லிவிடலாம்: ஒரு பக்கம் 1 முதல் 5 வரை கூட்டினால் 15, மறுபக்கம் 7, 8 சேர்ந்தால் 15.

ஒரு நாள் மகலநோபிஸ் இதைப் போட்டுப் பார்த்து, ராமானுஜத்திடம் படித்துக் காட்டினார். ராமானுஜம் அடுப்பில் காய்கறி வதக்கிக்கொண்டிருந்தார். கல்லூரி விருந்துச் சாலையில் சாப்பிடாமல் தாமே சமைத்துக்கொள்வது அவர் வழக்கம். கரண்டியைக் கீழே வைக்காமலே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். 288 வீடுகளில் 204-ஆம் எண் என்பது மட்டுமல்ல, இந்த மாதிரிப் புதிர் எத்தனை உண்டோ அத்தனைக்கும் அதில் விடை இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடிவில்லாத தெருவில் எந்த வீடு என்று நொடியில் சொன்னவருக்குத் தம் படுக்கையின் வாசல் எது என்று தெரியவில்லை. இது அவர் குற்றமா? நான் அப்படி நினைக்கவில்லை. ஹார்டி மகா உத்தமர். ஆனால் அவரே பிற்காலத்தில் ஒன்றை எழுதியிருக்கிறார்: பல வருஷம் ஏறக்குறைய தினமும் ராமானுஜத்தோடு பேசியும், ஒரு கண்டுபிடிப்புக்கு எப்படி வந்தார் என்றுகூடத் தாம் கேட்கவில்லையே என்று வருந்தினார். கணிதத்தைப் பற்றியே கேட்காதவர் கம்பளியைப் பற்றியா கேட்கப் போகிறார்?

1917-இல் ராமானுஜம் நோயில் விழுந்தார். க்ஷயம் என்று சந்தேகித்துச் சானடோரியங்களுக்கு அனுப்பினார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிர்ந்த காற்றைக் கொடுப்பதுதான் அந்தக் காலத்து வைத்தியம். ஒரு மாதமாகியும் கணப்பு மூட்டவில்லை என்றும், குளியலறைதான் வெதுவெதுப்பாக இருப்பதால் அங்கே காகிதமும் பேனாவும் கொண்டுபோய்க் கணக்குப் போடப் போவதாகவும் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார் ராமானுஜம்.

சீமைக் குளிர்தான் அவரைக் கொன்றது என்று நம்மில் பலர் இன்றும் நம்புகிறார்கள். ஆனால் டி. ஏ. பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, 1994-இல் வேறு கருத்துச் சொன்னார். அவர் முடிவுப்படி அது க்ஷயமே அல்ல. சென்னையில் வாலிபத்தில் கண்ட சீதபேதியின் தொடர்பாக ஈரலைப் பற்றிய அமீபா நோயாக இருக்கலாம். அந்தக் காலத்திலேயே அதற்குச் சிகிச்சை உண்டு. அப்படியானால் அது அவர் நம் வெயில் தேசத்திலிருந்து கூடவே கொண்டுபோன நோய். சரியான கேள்வியை யாரும் கேட்காததால் கடைசிவரை மறைந்தே இருந்த நோய்.

1919-இல் தாய்நாடு திரும்பியவர், ஈரோட்டுக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் கொடுமுடியில் கொஞ்ச காலம் தங்கினார். பிறந்த மண்ணின் வெயிலும் அவரைத் தேற்றவில்லை. 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது 32.

அவர் பிறந்த டிசம்பர் 22, 2012 முதல் தேசியக் கணித தினமாகக் கொண்டாடப்படுகிறது. கோயமுத்தூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பிள்ளைகள் இப்போது கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் சர்வசாதாரணமாகப் போகிறார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் வீட்டுப் பெரியவர்கள் டெலிபோனில், "குளுருக்கு என்ன கண்ணு பண்ற?" என்று கேட்கிறார்கள். "நல்லாத்தான் இருக்கேன் அம்மா" என்று பதில் வருகிறது. ராமானுஜம் தம் தாயாருக்கு எழுதியதும் ஏறக்குறைய அதே பதில்தான். மகலநோபிஸ் ஒருவர்தான் கேட்டதோடு நிற்காமல் உள்ளே போய்ப் படுக்கையையும் பார்த்தார்.