நடுவுல என்ன நடந்தது? மூலக்கூறு அனிமேஷனின் கதை

இந்த எபிசோடுக்குக் காரணம் என் பெரியம்மா பொண்ணு. அக்கா உயிர்வேதியியல்ல பிஎச்டி பண்றாங்க. "ஸ்லைடுல போட ஒரு வீடியோ செஞ்சு குடுடா"ன்னு கேட்டாங்க. அடினைலேட் கைனேஸ் என்கிற நொதி. அதோட திறந்த வடிவமும் மூடிய வடிவமும் புரோட்டீன் டேட்டா பேங்க்ல இலவசமாவே இருக்கு. ரெண்டையும் பைமால் மென்பொருள்ல ஏத்தி, ஒண்ணு இன்னொண்ணா மாறுற மாதிரி 'மார்ஃப்' கொடுத்தேன். நொடிக்கு 30 ஃபிரேம், பத்து நொடி, மொத்தம் 300 படம். ராத்திரி பூரா லேப்டாப் ரெண்டர் பண்ணுச்சு. காலையில பார்த்தா, நொதி வாய் மூடுற மாதிரி அவ்வளவு அழகா மூடுது.

அக்காவோட கைடு பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "நடுவுல இப்படித்தான் போகுதுன்னு யார் சொன்னா?"

யாரும் சொல்லல. முதல் படமும் கடைசிப் படமும்தான் எக்ஸ்-ரே ஆய்வில் கிடைத்தவை. நடுவில் இருக்கிற 298 படமும் மென்பொருள் இட்டு நிரப்பியது. அந்தக் கேள்வி உறுத்திக்கிட்டே இருந்ததால, இந்த அசைவெல்லாம் எங்கிருந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன்.

1960-களின் நடுவில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சைரஸ் லெவிந்தால் என்ற உயிரியலாளர் ஒரு புரதத்தை ஆஸிலோஸ்கோப் திரையில் வெறும் கோடுகளா வரைய வெச்சார். நிறுத்தி வெச்சா அது நூல் சிக்கு மாதிரி தட்டையா தெரியும். சுழல விட்டா போதும், எது முன்னாடி, எது பின்னாடின்னு கண்ணு தானா புரிஞ்சுக்கும். சுழற்சியைக் கட்டுப்படுத்த, கையால உருட்டுற ஒரு உருண்டையும் இருந்தது. நம்ம மவுஸுக்கு ஒன்றுவிட்ட தாத்தான்னு வெச்சுக்கலாம். 1966-ல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் இதைப் பற்றி எழுதினார். இதுல நான் கவனிச்ச விஷயம்: இந்தச் சுழற்சியில் மூலக்கூறு அசையல, பார்க்கிற கோணம்தான் அசைஞ்சது. மூலக்கூறு இப்படித்தான் நடந்துக்கும்னு அந்தப் படம் எதையும் சொல்லல. அதனால அதில் பொய்யும் இல்ல.

1971-ல் ஸ்டான்ஃபோர்டில் நடந்தது இதுக்கு நேர் எதிர். புரத உற்பத்தியைக் காட்ட, ஒரு பெரிய மாணவர் கூட்டத்தைப் புல்வெளியில் இறக்கி ஆட விட்டாங்க. பிற்பாடு நோபல் வாங்கின பால் பெர்க் கரும்பலகை முன்னாடி நின்னு பொறுமையா விளக்குவார். அப்புறம் பாட்டும் கூத்தும்தான்! ரைபோசோம்னு சொல்லிக்கிட்டு ஒரு கூட்டமே புல்லுல உருளும். சிரிச்சுக்கிட்டேதான் பார்த்தேன். ஆனா அந்தத் தள்ளுமுள்ளு செல்லுக்குள் நடக்கிறதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு.

2006-ல் ஹார்வர்டுக்காக எக்ஸ்விவோ நிறுவனம் செஞ்ச 'தி இன்னர் லைஃப் ஆஃப் தி செல்' வந்தது. கைனசின் புரதம் ஒரு பெரிய மூட்டையை இழுத்துக்கிட்டு, கயிறு மேல நிதானமா நடக்குமே, அதேதான். உண்மையில் கைனசின் அடிக்கு 8 நானோமீட்டர்னு நொடிக்கு நூறு அடி வரைக்கும் போகும். சுத்தியிருக்கிற நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடிக்கும். பண்டிகை நாள் தி.நகர் ரங்கநாதன் தெருவில் நடக்கிற மாதிரி. வீடியோவில் அந்தக் கூட்டத்தையே எடுத்துட்டாங்க. எடுக்கலேன்னா நமக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது, அது நியாயம்தான். ஆனா மூலக்கூறுக்கு ஏதோ நோக்கம் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு வந்துடுது. விமர்சனங்களும் வந்தன. அதே குழு 2013-ல் வெளியிட்ட வீடியோவில் புரதங்கள் நெருக்கியடிச்சு, நடுங்கிக்கிட்டே இருக்கும். பார்க்க அவ்வளவு சுகமா இருக்காது. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு.

நடுவுல ஒரு விஷயம். பைமாலை எழுதிய வாரன் டிலானோ, 2000-ல் அதை ஓப்பன் சோர்ஸா வெளியிட்டார். 2009-ல் இறந்தப்போ அவருக்கு வயசு 37. எங்கேயாவது ஒரு ஸ்லைடில் நல்ல புரதப் படம் பார்த்தீங்கன்னா, பெரும்பாலும் அவர் கை அதில் இருக்கும்.

அக்கா வீடியோவைத் திரும்பச் செஞ்சேன். முதல்ல மூணு நொடி திறந்த வடிவம் மெதுவா சுழலும். அடுத்து மார்ஃப், அது ஓடும்போது மட்டும் நிறம் சாம்பலாகிடும். கடைசியில மூடிய வடிவம், பழைய நிறத்தில். ஓரத்துல ஒரு வரி: "சாம்பல் நிறப் பகுதி கணினியின் ஊகம்." எம்பி4 ஆக்கி அனுப்பினேன்.

கைடு பார்த்துட்டு, அந்த எழுத்தை இன்னும் பெருசாக்கச் சொன்னாராம்.