தேர்வுப் பதற்றம்

தேர்வுப் பதற்றம் என்பது தோல்வி குறித்த அச்சத்தால், தேர்வுக்கு முன்போ தேர்வு எழுதும்போதோ மாணவரிடம் தோன்றும் உள, உடல் நெருக்கடி ஆகும். பேச்சுவழக்கில் இது பரீட்சைப் பயம் எனப்படுகிறது. சிறிதளவு பதற்றம் எவருக்கும் இயல்பானது. படிக்கத் தூண்டுவதும் அதுவே. படித்தது நினைவுக்கு வராத அளவுக்கு மிகும்போதே அது சிக்கலாகிறது.

கூறுகள்

1952 இல் மாண்ட்லர், சாரசன் என்ற உளவியலாளர்கள் இதனை அளப்பதற்கு ஒரு வினாநிரலை உருவாக்கினர். 1967 இல் லீபர்ட், மோரிஸ் ஆகியோர் இதனை இரு கூறுகளாகப் பிரித்துக் காட்டினர். ஒன்று உடலில் உணரப்படும் கிளர்ச்சி: நெஞ்சு படபடத்தல், உள்ளங்கை வியர்த்தல், வயிற்றைப் புரட்டுதல் போன்றவை. மற்றையது கவலை, அதாவது "தவறிவிட்டால் வீட்டில் என்ன சொல்வார்கள்" என்பது போன்று ஓயாது எழும் எண்ணங்கள். மதிப்பெண் குறைவுடன் கூடுதல் தொடர்புடையது கவலையே எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

மனிதர் ஒரே நேரத்தில் மனதில் நிறுத்திக் கையாளக்கூடிய செயல்படு நினைவு மிகவும் சிறியது. அதில் ஒரு பகுதியைக் கவலை பிடித்துக்கொள்வதால், கணக்கின் இடைப்படிகளை நினைவில் வைத்திருக்க இயலாமற் போகிறது. வீட்டில் பிழையின்றிச் செய்த கணக்கு தேர்வறையில் மறப்பதும், வெளியே வந்தவுடன் நினைவுக்கு வருவதும் இவ்வாறு நிகழக்கூடியவை. இத்தகைய மாணவரைப் படிக்கவில்லை என்று கடிந்துகொள்வது, கவலைக்கு மேலும் ஒரு காரணத்தைத் தருவதாகவே முடியும். எனினும், உண்மையிலேயே படிக்காததால் வரும் பதற்றமும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய மாணவருடன் தனியே பேசுவது அவசியம்.

தணிக்கும் முறைகள்

உண்மைத் தேர்வின் நேர அளவிலேயே மாதிரித் தேர்வுகளை எழுதிப் பழகுவது பயன் தரும். மூச்சுப் பயிற்சி உடற்கிளர்ச்சியைத் தணிக்கும். கவலைக்கு அறிதல் நடத்தைச் சிகிச்சை உதவுகிறது. தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடங்கள் தம் கவலைகளை எழுதிய மாணவர் கூடுதல் மதிப்பெண் பெற்றனர் என்று 2011 இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியாகிப் புகழ்பெற்றது. ஆனால் 2018 இல் வெளியான மீளாய்வில் அம்முடிவு உறுதிப்படவில்லை.

தமிழ்நாட்டில்

பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களைப் பெற்றோரின் பெயர்களை அறிவிப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. மறுநாள் நாளிதழ்களில் அவர்களது ஒளிப்படங்கள் வெளியாகும். மாணவரின் மன அழுத்தத்தைக் குறைக்கும் நோக்கில் 2017 மே மாதத்தில் அரசு இவ்வழக்கத்தை நிறுத்தியது. ஆயினும் மாவட்டவாரியான தேர்ச்சி விழுக்காட்டை ஒப்பிடும் வழக்கம் தொடர்ந்தது. அவ்வழுத்தம் தலைமையாசிரியர் வழியாக மீண்டும் மாணவரையே சென்றடைய இடமுண்டு.

தேர்ச்சி பெறாதோர் அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுதலாம். முடிவு வெளியாகும் காலங்களில் 104 என்ற எண்ணில் உளவள ஆலோசனை வழங்கப்படுகிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் நாடலாம். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள உளவள ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என இந்திய உச்ச நீதிமன்றம் 2025 சூலையில் அறிவுறுத்தியது.