போனதால் போனதா? சாமராஜநகர் நம்பிக்கையின் கணக்கு

பதவியிலிருக்கும் முதலமைச்சர் சாமராஜநகருக்குள் காலடி வைத்தால் விரைவிலேயே நாற்காலியை இழப்பார். கர்நாடக அரசியலைச் சில ஆண்டுகளேனும் கவனித்தவர் எவருக்கும் இந்த நம்பிக்கை புதிதல்ல. பெங்களூருவில் ஆட்டோ ஓட்டுநரிலிருந்து பேராசிரியர் வரை பலரும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலோர் “எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனால்…” என்றுதான் தொடங்குவார்கள். அந்த ‘ஆனால்’ எங்கிருந்து வருகிறது என்று தேடியதன் விளைவே இந்தப் பதிவு. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் ஊரைப் பற்றி. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறி, ஆசனூரைத் தாண்டி, மாநில எல்லையைக் கடந்தால் சாமராஜநகர். இதன் பழைய பெயர் அரிகொட்டாரம். மைசூர் அரசர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், தம் தந்தை சாமராஜ உடையார் பிறந்த ஊர் என்பதால் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். மன்னர் குடும்பத்துக்கு மங்கலமாயிருந்த ஊர் முதலமைச்சர்களுக்கு மட்டும் அமங்கலமானது விந்தைதான்.

கதை வழக்கமாக இப்படிச் சொல்லப்படும்: தேவராஜ் அர்ஸ் போனார், 1980இல் பதவி இழந்தார். குண்டு ராவ் போனார், 1983இல் இழந்தார். ராமகிருஷ்ண ஹெக்டே போனார், 1988இல் இழந்தார். எஸ்.ஆர். பொம்மை 1989இல், வீரேந்திர பாட்டீல் 1990இல். ஐந்து பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கும்போது கேட்பவருக்கு முதுகுத்தண்டு சில்லிடத்தான் செய்யும்.

ஆனால், இந்த ஐவரின் வீழ்ச்சியும் இருட்டில் நடந்தவை அல்ல. அர்ஸ் 1979இல் இந்திரா காந்தியோடு முறித்துக்கொண்டார்; 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் இந்திராவின் காங்கிரஸ் கர்நாடகத்தின் 28 தொகுதிகளில் 27ஐ வென்றது; அர்ஸின் ஆதரவாளர்கள் கட்சி மாறினர். குண்டு ராவ் தேர்தலில் தோற்றார்; மாநிலத்தில் முதன்முறையாகக் காங்கிரஸ் அல்லாத அரசு அமைந்தது. ஹெக்டே தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் விலகினார். பொம்மையின் அரசு, சட்டப்பேரவையில் பெரும்பான்மையை நிரூபிக்க வாய்ப்பளிக்கப்படாமலே கலைக்கப்பட்டது. அந்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாநில அரசுகளைக் கலைக்கும் அதிகாரத்துக்கே கடிவாளமிட்டது. வீரேந்திர பாட்டீல் நோயுற்றிருந்தபோது மாநிலத்தில் வகுப்புக் கலவரம் மூண்டது. ராஜீவ் காந்தி பெங்களூரு விமான நிலையத்தில் வைத்தே அவரது பதவி நீக்கத்தை அறிவித்தார். இவ்வளவையும் ‘சாபம்’ என்ற ஒற்றைச் சொல்லில் மடித்து வைத்துவிட்டால், கட்சித் தலைமைகளும் ஆளுநர்களும் செய்த காரியங்களுக்குக் கணக்குக் கேட்க எவருமில்லாமல் போகிறது. எனக்கு உறுத்துவது மூடத்தனத்தைவிட இந்த மறதிதான்.

மொழியியல் படித்தவன் என்பதால் ஒரு குறிப்பு. தமிழின் வினையெச்சம் அடுத்தடுத்து நடப்பதையும் சொல்லும்; ஒன்றால் மற்றொன்று நடப்பதையும் சொல்லும். ‘குளித்துச் சாப்பிட்டான்’ என்பதில் வரிசை மட்டுமே உண்டு. குளியல் சாப்பாட்டுக்குக் காரணமல்ல. ‘மழை பெய்து குளம் நிரம்பியது’ என்பதில் வரிசையோடு காரணமும் உண்டு. வடிவம் ஒன்றே, எது வெறும் வரிசை, எது காரணம் என்பதைக் கேட்பவர்தான் உலக அறிவைக் கொண்டு பிரித்துக்கொள்கிறார். கன்னடத்திலும் அப்படியே. ‘சாமராஜநகருக்குப் போய்ப் பதவி இழந்தார்’ என்ற வாக்கியம் பொய் என்று எவராலும் சொல்ல முடியாது; போனதும் உண்மை, இழந்ததும் உண்மை. இடையிலுள்ள யகர மெய்தான் எல்லா வேலையையும் செய்கிறது. இதற்காக இலக்கணத்தைப் பழிக்க வேண்டியதில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று எச்சரித்ததும் அதே இலக்கணம்தான்.

சரி, காரணமா தற்செயலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போய் இழந்தவர்களை மட்டும் எண்ணினால் போதாது. போகாமல் இழந்தவர்கள் எத்தனை பேர், போயும் இழக்காதவர்கள் உண்டா, போகாததால் நிலைத்தவர்கள் உண்டா என்று மற்ற மூன்று கட்டங்களையும் நிரப்ப வேண்டும். நம்பிக்கை வாழ்வது முதல் கட்டத்தில் மட்டுமே.

இரண்டாம் கட்டத்தைப் பாருங்கள். 1990க்குப் பின் முதலமைச்சர்கள் அந்த ஊரை ஒதுக்கத் தொடங்கினர். 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரித்துச் சாமராஜநகர் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது, முதலமைச்சர் ஜே.எச். பட்டேல் அதன் தொடக்க விழாவை நகரில் நடத்தவில்லை. வெகு தொலைவிலுள்ள மலை மாதேஸ்வரன் மலையில் நடத்தினார். லோகியாவின் வழிவந்த சோசலிஸ்ட் அவர்! 1999 தேர்தலில் அவரும் ஆட்சியை இழந்தார். ஊரைத் தவிர்த்ததாகப் பெயர் வாங்கிய எஸ்.எம். கிருஷ்ணா 2004இலும், தரம் சிங் 2006இலும், எடியூரப்பா 2011இலும் பதவியிழந்தனர். 1977க்கும் 2013க்கும் இடையில் போனவர், போகாதவர் எவருமே ஒரு சட்டப்பேரவையின் முழு ஐந்தாண்டையும் முதலமைச்சராக நிறைவு செய்யவில்லை. எல்லோரும் விழும் இடத்தில், விழுந்தவர் சென்ற ஊர் எதைச் சுட்டினாலும் அது சாபமாகத்தான் தெரியும். 2007இல் துணிந்து சென்ற குமாரசாமியும் அவ்வாண்டே பதவி இழந்தார் என்பார்கள். பாஜகவோடு அவர் செய்திருந்த இருபது மாத ஆட்சிப் பங்கீட்டு உடன்பாட்டின் கெடு அப்போது முடிந்திருந்தது என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாம் கட்டத்தை நிரப்பியவர் சித்தராமையா. 2013இல் பதவியேற்றதும் சாமராஜநகருக்குப் போனார். பின்னும் பலமுறை போனார். 2016இல் பெங்களூருவில் அவரது காரின் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து நகர மறுத்தது. தொலைக்காட்சிகள் சோதிடர்களை அழைத்து வைத்து அலசின. (பழமொழிக்காரர்கள் இதை எதிர்பார்த்திருப்பார்களா?) சில நாளில் அவருக்குப் புதிய கார் வந்ததும் காக்கைதான் காரணம் என்று செய்தி பரவியது, அரசுத் தரப்பு மறுத்தது. ஊரையும் காக்கையையும் தாண்டி 2018 வரை முழு ஐந்தாண்டும் ஆண்டார். தேவராஜ் அர்ஸுக்குப் பின் அப்படி ஆண்டவர் அவர் ஒருவரே. நம்பிக்கை இத்துடன் முடிந்ததா? இல்லை. 2018 தேர்தலில் அவரது கட்சி பெரும்பான்மை இழந்ததே, சாமுண்டேஸ்வரி தொகுதியில் அவரே தோற்றாரே என்றார்கள். ‘விரைவில்’ என்பது ஐந்தாண்டாக நீண்டுகொடுத்தது. 2023இல் அவர் மீண்டும் முதலமைச்சரானதற்கு அதில் இடமில்லை.

இந்த நீண்டுகொடுக்கும் தன்மையை இதே நகரில் ஒருவர் முன்பே குறிவைத்தார். 1976 ஏப்ரலில், பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த இயற்பியலாளர் எச். நரசிம்மையா, ‘அற்புதங்களையும் சரிபார்க்கத்தக்க பிற மூடநம்பிக்கைகளையும் ஆராயும் குழு’ ஒன்றை அமைத்தார். காந்தியர், பசவனகுடி நேஷனல் கல்லூரி விடுதி அறையிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். சத்ய சாய் பாபாவுக்குக் கடிதங்கள் எழுதி, கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் அற்புதங்களைச் செய்துகாட்ட அழைத்தார். அழைப்பு ஏற்கப்படவில்லை, கடும் எதிர்ப்பு கிளம்பியது, 1977இல் குழு கலைக்கப்பட்டது. குழுவின் பெயரிலுள்ள ‘சரிபார்க்கத்தக்க’ என்ற சொல்லை நான் பெரிதும் மதிக்கிறேன். கடவுள் உண்டா என்று அவர் கேட்கவில்லை. எந்தக் கூற்று மெய்யா பொய்யா என்று பார்க்க வழியுண்டோ, அதைப் பார்த்துவிடுவோம் என்றார். நெருக்கடிநிலைக் காலத்தில் இதைச் சொன்னார் என்பதும் நினைவில் இருக்கட்டும். அறிவியல் மனப்பான்மையைக் குடிமக்களின் அடிப்படைக் கடமையாக அரசமைப்பில் சேர்த்த 42ஆம் திருத்தமும் அவ்வாண்டுதான் நிறைவேறியது. நிறைவேற்றியது, கேள்வி கேட்டவர்களைச் சிறையில் வைத்திருந்த ஆட்சி.

தமிழர்களாகிய நாம் கன்னட அரசியல்வாதிகளைப் பார்த்துச் சிரிக்கும் முன் தஞ்சைக்கு ஒரு நடை போய்வரலாம். பெரிய கோயிலுக்குப் போகும் ஆட்சியாளருக்கு ஆகாது என்பதற்கு 1984ஐச் சான்று காட்டுவோம்: இந்திரா காந்தி சுடப்பட்டார், எம்.ஜி.ஆர். நோயுற்றார். அதே ஆண்டு டிசம்பரில் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே தேர்தலில் வென்று, 1987இல் இறக்கும்வரை முதலமைச்சராக இருந்ததை அந்தக் கணக்கில் எழுதுவதில்லை. 2010இல் கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்கு வந்த கருணாநிதி, முதன்மை வாயிலைத் தவிர்த்து வேறு வழியாக உள்ளே சென்றதாகப் பத்திரிகைகள் எழுதின. பகுத்தறிவு இயக்கத்தின் மூத்த தலைவர் குறித்து வந்த செய்தி இது. 2011இல் அவர் தோற்றார். வாயிலை மாற்றியும் பயனில்லை என்று எவரும் எழுதியதாக நினைவில்லை.

இதையெல்லாம் நான் தொகுத்துக்கொண்டிருந்தபோது, இங்கே வேதியியலில் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் அட்டவணையை வாங்கிப் பார்த்தார். சாமராஜநகரில் பிறந்து வளர்ந்தவர். “எங்கள் ஊருக்கு வந்தவர் என்ன இழந்தார் என்பதற்கு இத்தனை கட்டம் போட்டிருக்கிறாய். யாரும் வராமல் எங்கள் ஊர் என்ன இழந்தது என்பதற்கு ஒரு கட்டமும் இல்லையே” என்றார். என்னிடம் பதில் இல்லை. பள்ளி நாள்களில், முதலமைச்சர் ஏன் நம் ஊருக்கு வருவதேயில்லை என்று வீட்டில் கேட்டாராம். கன்னடத்தில் ‘ஆகி பரல்ல’ என்றார்களாம். நம் ‘ஆகிவராது’தான், வகரம் பகரமாகியிருக்கிறது, எதிர்மறை விகுதி வேறு. மற்றவர்களுக்கு ஆகிவராத ஊரில் நாம் மட்டும் ஏன் இருக்கிறோம் என்று அந்த வயதில் பலநாள் யோசித்திருக்கிறார்.

சொந்த ஊர் எது என்று புதியவர் எவரேனும் கேட்டால், இன்றும் அவர் “மைசூர்ப் பக்கம்” என்றுதான் சொல்கிறார்.