ரத்தப் பாதை – 9: எட்டுத் தையலும் ஒரு வளையமும்

லியான் நகரின் அலெக்சிஸ் கரெல், ஒரு எம்பிராய்டரிப் பெண்மணியிடம் ஊசி பிடிக்கப் பழகியதையும், 1902-ல் ரத்தநாளங்களைத் தைக்கும் வழியைச் சொன்னதையும், 1912-ல் நோபல் பரிசு பெற்றதையும் சென்ற வாரம் பார்த்தோம். அந்த ஊசியிடம் தோற்றுப்போனவரைப் பற்றி அப்போது சொல்லவில்லை.

அவர் பெயர் எர்வின் பாயர். 1900-ல் அவர் கையில் இருந்தது ஒரு மக்னீசிய வளையம். ஒரு நாளத்தின் முனையை அதற்குள் நுழைத்து, வெளிப்பக்கமாக மடித்து, அடுத்த நாளத்தை அதன்மேல் மாட்டிக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. மக்னீசியம் உடலுக்குள்ளேயே மெல்லக் கரைந்துவிடும். அருமையான யோசனைதான். ஆனாலும் மருத்துவ உலகம் ஊசியின் பக்கம் போய்விட்டது. வளையம் மூலைக்குப் போனது.

1967 அக்டோபர் 30. சூரிச்சில் காசி யாசர்கில், தலைத்தோலில் ஓடும் தமனியை மைக்ராஸ்கோப்பின் கீழ் மூளைத் தமனியின் ஒரு கிளையோடு தைத்து இணைத்தார். மூளை பைபாஸ் பிறந்தது இப்படித்தான். முடியைவிட மெல்லிய நூல். தைத்து முடிக்கும்வரை மூளைத் தமனியை இரு பக்கமும் கிளிப் போட்டு அடைத்திருக்க வேண்டும். மேற்பரப்பில் ஓடும் சின்னக் கிளை என்றால் மூளை தாங்கிக்கொள்ளும். மூளையின் அடிப்பகுதியில் ஒரு பெரிய தமனி பலூன்போல் வீங்கி நிற்கிறது, அதற்கு மாற்றுப்பாதை போட வேண்டும் என்றால்? அந்தத் தமனியை அடைத்து வைத்துக்கொண்டு நிதானமாகத் தைக்க எளிதில் துணிச்சல் வராது. நோயாளி பக்கவாதத்தோடு கண் விழிக்கலாம், விழிக்காமலும் போகலாம்.

வழி சொன்னவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து மூளை அறுவை நிபுணர் கோர்னெலிஸ் டுல்லெகன். அவர் கேட்டது ஒரே கேள்வி: தமனியை ஏன் முதலிலேயே திறக்க வேண்டும்?

காலிலிருந்து எடுத்த சிரையின் முனையில், மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள பிளாட்டினம் வளையம் ஒன்றைப் பொருத்தினார். அதை மூளைத் தமனியின் வெளிச்சுவரோடு தைத்தார். உள்ளே ரத்தம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சிரையின் மறுமுனை வழியாக ஒரு லேசர் குழாய் உள்ளே போகும். அதன் நுனியில் ஒளியிழைகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். நடுவில் உறிஞ்சும் துளை. தமனிச் சுவரை இரண்டு நிமிடம் உறிஞ்சிப் பிடித்து, ஐந்தே விநாடி எக்சைமர் லேசர். சுவரில் வட்டமாகத் துளை விழுந்துவிடும். குழாயை வெளியே இழுத்ததும் எல்லார் கண்ணும் அதன் நுனிக்குத்தான் போகும். வெட்டுப்பட்ட சுவர்த்துண்டு, பொட்டுபோல, அங்கே ஒட்டியிருக்கிறதா? இல்லையென்றால் அது உள்ளேயே நிற்கிறது. ரத்தம் அதை அடித்துக்கொண்டு போய் மூளைக்குள் எங்கே அடைக்குமோ என்ற பயம்.

இந்த முறைக்கு ‘எலானா’ என்று பெயர் வைத்தார்கள். ஓடும் ரத்தத்தை நிறுத்தும் சிக்கல் தீர்ந்தது. ஊசி மட்டும் ஓயவில்லை. வளையத்தைத் தமனியோடு பிடித்துவைக்க வழக்கமாக எட்டுத் தையல். அதுவும் மண்டையோட்டின் ஆழத்தில், கை நுழையாத குறுகலில், துடிக்கும் தமனியின்மேல். இந்த அறுவைக்குப் பலர் முன்வராததற்கு லேசரைவிட இந்த எட்டுத் தையல்தான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

அந்த எட்டையும் விட்டுவிட்டால்? உட்ரெக்ட் குழு வளையத்தை மாற்றியமைத்தது. தையலுக்குப் பதில் தமனிச் சுவரில் குத்தி நிற்கும் கூரிய முள்கள். பெயர் ‘செலானா’. பாயர் கண்ட கனவு வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது.

ஆனால் மூளைத் தமனியின் சுவர் மிக மெல்லியது. முள் குத்திய இடத்தில் ரத்தம் கசியுமா? லேசர் குழாயை இழுக்கும்போது வளையம் கூடவே நகர்ந்துவிடுமா? வாரங்கள் கழித்து அந்த உலோகத்தின்மேல் உட்சுவர்த் தோல் படருமா, ரத்தம் உறையுமா? மனிதத் தலையைத் திறக்கும் முன் முயல்களும் பன்றிகளும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முயலின் வயிற்றுப் பெருந்தமனியில் வளையம் குத்தி நின்றது. லேசர் ஐந்து விநாடி எரிந்து அணைந்தது. இனி குழாயை வெளியே இழுக்க வேண்டியதுதான். நுனியில் அந்தப் பொட்டு இருந்ததா என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)