பனிக்காலத்தில் சாங்தாங்கி ஆடு பராமரிப்பு

சாங்தாங்கி என்பது லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில், 4,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், சாங்பா நாடோடி இடையர்கள் வளர்க்கும் வெள்ளாட்டினம். பஷ்மினா இழை இதிலிருந்து கிடைக்கிறது. குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. முரட்டு வெளிமயிருக்கு அடியில் 12 முதல் 15 மைக்ரான் தடிமனுள்ள மென்மயிர் அடர்ந்து உடற்சூட்டைக் காக்கிறது. குளிர் தணிந்து அது தானே உதிரத் தொடங்கும்போதுதான் சீப்பால் வாரி எடுக்கிறார்கள்.

கடும்பனியில் ஆடுகள் மடிவதற்குப் பசியே பெருங்காரணம். மேய்ச்சல் நிலத்தைப் பனி மூடிவிட்டால், கோடையில் சேமித்த உலர்புல்லும் குதிரைமசாலும்தான் கதி. நார்த்தீனி முதல் இரைப்பையில் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கிறது; ஆட்டுக்கு அது வயிற்றுக்குள் எரியும் அடுப்பு. தீனிக் குறையை ஈடுகட்டத் தானியத்தைத் திடீரென அள்ளிப் போட்டால் வயிற்றில் அமிலம் மிகுந்து ஆடு செத்தும் போகலாம்.

இரவில் மந்தை கல்சுவர்ப் பட்டியில் நெருங்கிப் படுக்கும். காய்ந்த புழுக்கையே மெத்தை. கூரையுள்ள கொட்டிலானால், படுக்கும் மட்டத்தில் காற்றைத் தடுத்து, மேலே திறப்பு விடவேண்டும். இல்லையேல் மூத்திர நெடி தேங்கி நுரையீரல் நோய் பற்றும்.

குளிர் விலகுமுன்பே பிறக்கும் குட்டிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். பிறந்ததும் ஈரம் போகத் துடைத்து, முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டவேண்டும். குட்டியின் வாய்க்குள் விரல் வைத்துப் பார்க்கையில் சில்லென்றிருந்தால், உடலைச் சூடேற்றிய பிறகே பால் கொடுக்கவேண்டும்.